வார்ப்பு ஹீட்டருக்குள் எலிமெண்ட் உட்காரும் இடம்

பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினில் பிளாஸ்டிக்கை உருக்குகிற உருளைக்குப் பேரல் என்று பெயர். எலிமெண்ட் என்கிற சூடாகும் குழாயை அச்சுக்குள் வைத்து, சுற்றி உலோகத்தை ஊற்றி, அந்தப் பேரலின் மேல் மாட்டுவதற்காகச் செய்வதுதான் வார்ப்பு ஹீட்டர். அலுமினியத்தை ஊற்றி முடித்த பிறகு அதில் திருத்த எதுவும் கிடையாது. எலிமெண்ட் நாலு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் அது கடைசிவரைக்கும் அங்கேதான் இருக்கும். பேரலில் ஒரு பக்கம் சூடு ஏறும், மறுபக்கம் மந்தமாக இருக்கும். ஆபரேட்டர் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அங்கே எண் சரியாகத்தான் காட்டும். அதனால் ஹீட்டர் வேலை என்றால் உலை வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: எலிமெண்டை வளைத்து, அச்சுக்குள் கட்டி நிறுத்துகிற அந்த வேலையில்தான் ஹீட்டர் இருக்கிறது. ஊற்றுவது அதை மூடுகிற வேலை.

நான் புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஹீட்டர் செய்கிறேன். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், இந்தப் பக்கம் கடலூர் சிப்காட் வரைக்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின்களுக்கு என் ஹீட்டர் போகிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை வைக்க நினைக்கிறவர்களுக்கும், ஹீட்டருக்கு ஆர்டர் கொடுக்கிற மெயின்டனன்ஸ் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆர்டர் கொடுக்கிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் வாட்டும் விலையும் மட்டும் கேட்டுவிட்டுப் போக மாட்டார்.

எல்லா மெஷினுக்கும் வார்ப்பு ஹீட்டர் தேவையில்லை. பாலிபுரொப்பிலீனில் டப்பாவும் மூடியும் அடிக்கிற மெஷினுக்கு 220, 230 டிகிரிதான் வேண்டும், பேரலைச் சுற்றிக் கட்டுகிற மைகா பேண்ட் ஹீட்டரோ செராமிக் பேண்ட் ஹீட்டரோ போதும். நைலான், பாலிகார்பனேட் என்று 280, 300 டிகிரியில் இரவு பகலாக ஓடுகிற இடத்தில் வார்ப்பு ஹீட்டர் விலைக்குத் தகுந்த வேலை பார்க்கும். எடை கூடுதல், சூடாகவும் ஆறவும் நேரம் எடுக்கும், ஆனால் பேரலைச் சுற்றிச் சீராகச் சூடு கொடுக்கும். நான் எல்.எம். 6 என்கிற வார்ப்பு அலுமினியக் கலவையில் ஊற்றுகிறேன். அது 577 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும். ஆகவே 350 டிகிரிக்கு மேல் ஓடுகிற பேரலுக்கு அலுமினிய ஹீட்டர் கேட்டால் கொடுப்பதில்லை, வெண்கலத்துக்குப் போகச் சொல்லிவிடுவேன்.

போன மழைக்காலத்தில் சேதராப்பட்டிலிருந்து ஒரு தம்பி ஹீட்டர் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். வேறு இடத்தில் செய்தது. “அண்ணே, மூணாவது ஜோன்ல மட்டும் மால் கருகுது. கவர்ல கறுப்புப் புள்ளி விழுது. தெர்மோகப்பிள் மாத்திட்டோம், கன்ட்ரோலர் மாத்திட்டோம், ஒண்ணும் அடங்கல” என்றார். மால் என்றால் உள்ளே உருகுகிற பிளாஸ்டிக், ஜோன் என்றால் பேரலில் தனியாகச் சூடாக்குகிற ஒரு பகுதி, தெர்மோகப்பிள் என்றால் சூட்டை அளந்து கன்ட்ரோலருக்குச் சொல்கிற உணரி. கண்ணாடி மாதிரி தெரிகிற பாலிகார்பனேட் கவர், அதில் ஒரு புள்ளி விழுந்தாலும் ரிஜெக்ட்தான். ஹீட்டரை நீளவாக்கில் பேண்ட் சாவில் அறுத்துக் காட்டினேன். வெட்டுமுகத்தில் எலிமெண்ட் குழாய்கள் வட்டப் பொட்டுகளாக வரிசையாகத் தெரிந்தன. ஒரு கடைசியில் பொட்டுக்கும் பேரல் தொடும் முகத்துக்கும் நடுவே 2 மி.மீ. அலுமினியம், மறு கடைசியில் 12 மி.மீ. ஊற்றும்போது எலிமெண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த பக்கம் பேரலைச் சுட்டிருக்கிறது. தெர்மோகப்பிள் துளை விலகியிருந்த பக்கத்தில் இருந்ததால் கன்ட்ரோலர் அங்கே சூடு போதவில்லை என்று இன்னும் இன்னும் கரண்டைத் திறந்துவிட்டிருக்கிறது. “இத முன்னாடியே அறுத்துப் பாத்திருந்தா கன்ட்ரோலர் காசு மிஞ்சியிருக்கும்ணே” என்றார் தம்பி. உண்மைதான், ஆனால் ஓடுகிற ஹீட்டரை யாரும் அறுத்துப் பார்ப்பதில்லை. செய்கிறவன்தான் முதலிலேயே சரியாக வைக்க வேண்டும்.

ஆழமும் இடைவெளியும்

ஒரு ஹீட்டரையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பேரலின் வெளிவிட்டம் 100 மி.மீ., ஹீட்டர் நீளம் 150 மி.மீ., இரண்டு பாதிகளாகப் போல்ட் போட்டு இறுக்குவது. உள்முகப் பரப்பு ஏறக்குறைய 470 சதுர செ.மீ. பிளவும் தெர்மோகப்பிள் துளையும் போக 440 வைத்துக்கொள்ளலாம். சதுர செ.மீ.க்கு 4 வாட் என்பது என் கணக்கு. அதற்கு மேல் கேட்டால் மெஷின் என்ன, மால் என்ன என்று விசாரித்துவிட்டுத்தான் ஏற்றுவேன். 1,800 வாட், பாதிக்கு 900. 230 வோல்ட்டில் 900 வாட்டுக்கு எலிமெண்டின் தடை 58.8 ஓம் வர வேண்டும்.

எலிமெண்ட் குழாயின் விட்டம் 8 மி.மீ., வார்ப்பின் சுவர்க் கனம் 25 மி.மீ. இந்த 25-க்குள் குழாய் எங்கே உட்கார வேண்டும்? நடுவில் என்றுதான் பெரும்பாலானவர்கள் வைப்பார்கள். நான் உள்முகப் பக்கம் கொஞ்சம் நெருக்கி, குழாயின் மையம் முடிந்த உள்முகத்திலிருந்து 11 மி.மீ. வருமாறு வைக்கிறேன். அப்படியென்றால் குழாய்க்கும் பேரலுக்கும் நடுவே 7 மி.மீ. அலுமினியம் நிற்கும், முதுகுப்பக்கம் 10 மி.மீ. இருக்கும். சூடு போக வேண்டிய திசை பேரல், அதனால் அந்தப் பக்கம் தூரம் குறைவாக இருக்க வேண்டும். அதற்காக 3, 4 மி.மீ.க்கு இறக்கிவிடக் கூடாது. குழாய்க்கு நேராகச் சூட்டுக்கோடு விழும். அதைவிடப் பெரிய ஆபத்து, போரிங் போடும்போது, அதாவது வார்த்த உள்முகத்தைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவரும்போது, லேத் டூல் குழாயைத் தொட்டுவிடும். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்தான்.

போரிங்குக்கு 2.5 மி.மீ. விட வேண்டும் என்பதை ஆழக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். முடிந்த உள் ஆரம் 50, அச்சில் உள்முகத்தை உருவாக்குகிற நடு உருளையான கோரின் ஆரம் 47.5. ஆகக் கோருக்கும் குழாயின் அடிக்கும் நடுவே 9.5 மி.மீ. இடைவெளி. அச்சுக்குள் நீங்கள் கையில் அளக்கிற அளவு இதுதான். இதற்காகவே 9.5 மி.மீ. கனத்தில் ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து வைத்திருக்கிறேன். குழாய் வளைவோடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிற பகுதியை ஓட்டம் என்போம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கீழே மூன்று இடத்தில் அதை நுழைத்துப் பார்த்து, தட்டாமல், ஆடாமல் போனால்தான் அச்சை மூடுவேன்.

அடுத்தது ஓட்டங்களுக்கு நடுவே இடைவெளி. 150 மி.மீ. நீளத்தில் நாலு ஓட்டம், வளைவுத் திசையில். சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 37, 38 மி.மீ. வரும். சமமாகப் பிரிக்காதீர்கள். ஹீட்டரின் இரண்டு கடைசி விளிம்புகளும் வெறும் பேரலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, சூடு அங்கேதான் ஓடுகிறது. ஆகவே ஓட்டங்களை ஒரு விளிம்பிலிருந்து 15, 53, 97, 135 மி.மீ.யில் வைக்கிறேன். கடைசி ஓட்டங்கள் விளிம்புக்கு 15 மி.மீ.யில் நெருங்கி நிற்கும், நடுவில் மட்டும் 44 மி.மீ. அகலம் விழும். அந்த நடு இடைவெளியில் தெர்மோகப்பிள் துளை. இரண்டு ஓட்டத்துக்கும் சரியாக 22 மி.மீ. தள்ளி, எந்தக் குழாயின் நேர்ச்சூடும் படாமல் நிற்கும்.

44 மி.மீ. அகலம் அதிகமில்லையா என்று கேட்பார்கள். அலுமினியம் சூட்டை நன்றாகப் பரப்பும். இந்த 25 மி.மீ. கனத்தில், சதுர செ.மீ.க்கு 4 வாட்டில், குழாய்க்கு நேரான இடத்துக்கும் நடு இடத்துக்கும் வித்தியாசம் 3 டிகிரிக்குள்தான் வரும். வெண்கலம் அப்படி இல்லை, அதன் கடத்தல் திறன் அலுமினிய வார்ப்பில் பாதிகூடக் கிடையாது. அதே இடைவெளியை வெண்கலத்தில் வைத்தால் வித்தியாசம் 8 டிகிரியைத் தொடும். வெண்கல ஹீட்டருக்கு ஓட்டங்களை நெருக்கி, ஒன்றோ இரண்டோ கூடுதலாகப் போட வேண்டும். அலுமினியத்துக்கு வரைந்த படத்தை அப்படியே வெண்கலத்துக்கு எடுக்கிற பழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகளில் இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டும்.

பிளவுக் கோடு, டெர்மினல், குளிர்ந்த முனை

இரண்டு பாதியும் சேரும் பிளவுதான் வார்ப்பு ஹீட்டரின் பலவீனமான இடம். இறுக்குவதற்காக அங்கே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டே ஆக வேண்டும், அந்த இடத்தில் பேரலுக்கு மேல் உலோகமே இல்லை. எலிமெண்டின் திருப்பங்கள் பிளவு முகத்திலிருந்து 12 மி.மீ. வரைக்கும் நெருங்கி வந்தால் அந்தக் குறை ஓரளவு தீரும். 20, 25 மி.மீ.யிலேயே திரும்பிவிட்டால் பேரலின் நீளம் முழுக்கக் குளிர்ந்த கோடு ஒன்று விழும்.

இங்கே எலிமெண்டின் உருவம் முக்கியம். சாதாரணமாகப் பாம்பு மாதிரி போய் வந்து போய் வந்து வளைப்பார்கள். வளைக்க எளிது. ஆனால் அப்படி வளைத்தால் இரண்டு முனையும் முதல் ஓட்டத்திலும் நாலாவது ஓட்டத்திலும் வந்து முடியும், அதாவது ஹீட்டரின் இரண்டு மூலைகளில். முனைக்குப் பக்கத்தில் சூடு கிடையாது. ஏற்கெனவே அதிகம் ஆறுகிற மூலையில் கொண்டுபோய்ச் சூடில்லாத முனையை வைத்த மாதிரி ஆகிவிடும்.

நான் வளைக்கிற விதம் வேறு. எலிமெண்ட் இரண்டாவது ஓட்டத்தில் தொடங்கும், வலது பக்கப் பிளவுக்குக் கொஞ்சம் உள்ளே. இடது பக்கம் போய்த் திரும்பி முதல் ஓட்டமாக வலப்பக்கம் வரும். அங்கே மூலையில் மடங்கி, வலது பிளவுக் கோட்டை ஒட்டியே நீளவாக்கில் ஓடி நாலாவது ஓட்டத்துக்குப் போகும். நாலாவதில் இடப்பக்கம் போய், திரும்பி மூன்றாவது ஓட்டத்தில் வலப்பக்கம் வந்து முடியும். இப்படிச் செய்தால் இரண்டு முனையும் நடு ஓட்டங்களில், பக்கத்துப் பக்கத்தில் வெளியே வரும். அவற்றுக்கு வெளிப்புறம், பிளவை ஒட்டி, சூடான குழாய் ஒன்று வேலி போட்ட மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். மூலைகள் நான்கும் சூடான குழாயிடம் இருக்கும். எலிமெண்டின் நீளம் சுமார் 75 செ.மீ. வரும், அதில் சூடாகும் பகுதி 72 செ.மீ. வைத்தால் குழாயின் மேல்பரப்பில் சதுர செ.மீ.க்கு 5 வாட்தான் விழுகிறது. வார்ப்புக்குள் புதைந்த குழாய்க்கு அது சுகமான பாரம். வளைக்கக் கூடுதல் நேரம் ஆகும், ஜிக் தகடு தனியாக வேண்டும். அந்த நேரத்துக்குக் காசு வாங்குங்கள், கொடுப்பார்கள்.

முதலில் தட்டையாக, முளை அடித்த தகட்டின் மேல் வளைக்க வேண்டும். பிறகுதான் உருளையின் மேல் வைத்து அரைவட்டமாக்க வேண்டும். வளைப்பதற்கு முன் குழாயைப் பதப்படுத்தி மிருதுவாக்குவதைத் தவிர்க்காதீர்கள். திருப்பங்களில் உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் தளர்ந்துவிடும், அதனால் ஒவ்வொரு திருப்பத்தையும் டையில் வைத்து மறுபடி பிரஸ் பண்ண வேண்டும். தளர்ந்த தூளில் காயில், அதாவது சூடாகும் சுருள் கம்பி, நகரும், நகர்ந்தால் குழாய்ச் சுவரைத் தேடிப் போகும்.

குளிர்ந்த முனையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எரிந்துபோன ஹீட்டர்களில் நான் அதிகம் பார்ப்பது அங்கே எரிந்ததுதான். குழாயின் இரண்டு முனையிலும் உள்ளே காயில் கிடையாது, டெர்மினல் கம்பிதான் இருக்கும். அந்த நீளம் சூடாகாது. வார்ப்புக்கு வெளியே காற்றில் நிற்கும் பகுதி முழுக்கச் சூடாகாத பகுதியாக இருக்க வேண்டும். சூடாகும் காயில் ஒரு சென்டிமீட்டர் காற்றில் நின்றாலும் சூட்டை வாங்கிக்கொள்ள உலோகம் இல்லாமல் அந்த இடம் செந்தணலாகி அறுந்துவிடும். மாறாக, குளிர்ந்த பகுதி வார்ப்புக்குள் 5, 6 செ.மீ. போய்விட்டால் அங்கே செத்த இடம். முனை வெளியே திரும்பும் வளைவைத் தாண்டி, உள்ளே 10 மி.மீ. வரைக்கும் டெர்மினல் கம்பி போகட்டும். கம்பியும் காயிலும் சேரும் இடம் எக்காரணம் கொண்டும் வளைவின் மேல் வரக் கூடாது, வளைக்கும்போது அந்த இணைப்புதான் முதலில் விடும்.

குழாயை உருட்டி ஒடுக்கும்போது அது நீளும், அதனால் உள்ளே இணைப்பு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டு மட்டும் நம்பாதீர்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது. நேராக இருக்கும் குழாயின் இரண்டு முனைகளிலும் ஒரு சாண் நீளத்துக்கு மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற வேரியாக்கில் 60 வோல்ட் மட்டும் கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் நடுவிலிருந்து மெழுகு கண்ணாடியாக உருகிக்கொண்டே முனையை நோக்கி வரும், ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் வெள்ளையாகவே இருக்கும். அந்த எல்லையில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அதிக நேரம் விட்டால் சூடு குழாய் வழியாகவே முனைக்குப் பரவி எல்லை கலைந்துவிடும், முதலில் தெரிகிற கோடுதான் சரி. கரண்டை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பிறகுதான் குழாயில் கை வைக்க வேண்டும். வளைக்கும்போது இந்தக் கோட்டை வைத்துத்தான் ஜிக்கில் பொருத்துகிறேன்.

டெர்மினல் எந்தப் பக்கம் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். மேலே வைத்தால் ஹாப்பரிலிருந்து சிந்துகிற குருணையும் தூசியும் விழும். நாசிலுக்குப் பக்கத்து ஜோனில் கீழே வைத்தால் கசிகிற மால் வந்து மூடும். மெஷினின் பின்பக்கம், கிடைவாக்கில், கவர் போட்டு வைப்பதுதான் நல்லது. ஒயரிங் சுலபம் என்று இரண்டு பாதியின் டெர்மினலையும் ஒரே பிளவுக்குப் பக்கத்தில் கேட்பார்கள். நான் மேலே சொன்ன உருவத்தில் வளைத்திருந்தால் அதைக் கொடுக்கலாம், பிளவை ஒட்டிச் சூடான குழாய் ஓடுகிறது. சாதாரணப் பாம்பு வளைவில் அப்படிக் கொடுத்தால் பின்பக்கம் முழுக்க மந்தமாகிவிடும்.

இரண்டு பாதிக்கும் எலிமெண்டை ஜோடி சேர்ப்பது இன்னொரு வேலை. ஒன்று 56 ஓம், மற்றது 62 ஓம் என்று போட்டுவிட்டால் 230 வோல்ட்டில் முதல் பாதி 945 வாட், இரண்டாவது 853 வாட். ஒரே தெர்மோகப்பிள்தான் இரண்டையும் ஓட்டுகிறது, அது மேல்பாதியில் இருந்தால் கீழ்பாதியின் நிலை யாருக்கும் தெரியாது. உருட்டி முடித்த பிறகு தடை மாறியிருக்கும், ஆகவே அதற்குப் பிறகு அளந்து, 2 ஓமுக்குள் இருப்பவற்றைச் சேர்த்து நூலால் கட்டி வைத்துவிடுங்கள்.

அச்சுக்குள் நிறுத்துவது

எட்டு மில்லிமீட்டர் குழாயில் எஃகுச் சுவரும் உள்ளே தூளும் சேர்ந்து சராசரி அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 5 கிராம் போல வரும். உருகிய அலுமினியம் 2.4 கிராம்தான். ஆகவே அலுமினியத்தில் எலிமெண்ட் அமிழப் பார்க்கும். உருகிய வெண்கலம் 8 கிராமை ஒட்டி இருக்கும், அதில் எலிமெண்ட் மிதக்கப் பார்க்கும். இதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பக்கம் தாங்க வேண்டும், எந்தப் பக்கம் தடுக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

பாதி வார்ப்பை நான் உள்முகம் கீழே இருக்கும்படி, கோரின் மேல் கவிழ்த்த நிலையில் ஊற்றுகிறேன். காற்றுக் குமிழும் கசடும் மேலே ஏறும், முதுகுப்பக்கம் போகும். பேரலைத் தொடும் முகம் கெட்டியாக, ஓட்டையில்லாமல் கிடைக்கும். எலிமெண்டின் முதுகுப்பக்கத்தில், நீளவாக்கில், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பட்டைகள் மூன்று வைத்து ஒவ்வொரு ஓட்டத்தையும் எஸ்.எஸ். கம்பியால் பட்டையோடு கட்டுகிறேன். பட்டைகளின் இரு முனையும் வார்ப்பைத் தாண்டி அச்சின் கடைசிச் சுவர்களில் வெட்டிய காடியில் உட்காரும். வார்த்த பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட வேண்டியதுதான். அலுமினியத்தில் எலிமெண்ட் கோர் பக்கம் அமிழப் பார்த்தால் கட்டுக்கம்பி தாங்கும், வெண்கலத்தில் மேலே எழும்பப் பார்த்தால் பட்டை தடுக்கும். வெண்கலத்துக்குப் பட்டை இன்னும் கனமாக, காடியில் ஆப்பு அடித்து நிற்க வேண்டும். குழாயில் வெல்டு வைத்துப் பட்டையைப் பிடிக்காதீர்கள், ஒரு மில்லிமீட்டர் சுவர் ஓட்டையாகிவிடும். குழாய்க்கும் உள்முகத்துக்கும் நடுவே எந்தத் துண்டையும் முட்டுக்கொடுத்து விட்டுவிடாதீர்கள். அது சரியாகச் சேராமல் அதைச் சுற்றிக் காற்று நின்றால் அந்த இடத்தில் சூடு தேங்கும். அளந்து பார்த்த 9.5 துண்டை ஞாபகமாக வெளியே எடுத்துவிட வேண்டும்.

மூடுவதற்கு முன் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து, ஹீட்டர் நம்பரோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது இன்னொரு துளை போட வேண்டும் என்று கேட்டால் எங்கே டிரில் இறக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்லலாம்.

குழாயின் மேல் எண்ணெய், துரு, விரல் பிசுக்கு எதுவும் இருக்கக் கூடாது. சாண்ட் பிளாஸ்ட் அடித்து, 250 டிகிரி அடுப்பில் போட்டு, சூட்டோடு அச்சில் வைக்க வேண்டும். குளிர்ந்த குழாயின் மேல் அலுமினியம் பட்டதும் சுருண்டு உறைந்துவிடும். குழாயைச் சுற்றி மயிரிழைக் காற்று நிற்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் இது இரட்டிப்பு ஆபத்து. காற்றிலிருக்கும் ஈரத்திலிருந்து உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், மெக்னீசியம் ஆக்சைடு தூளும் ஈரத்தை இழுக்கும். மழை நாளில் வாயு நீக்குவதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். அச்சுமண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். 700 டிகிரியை ஒட்டி, ஒரே சீராக, நிறுத்தாமல் ஊற்றுங்கள். உருகிய உலோகம் எலிமெண்டின் மேல் நேராக விழாமல் பக்கவாட்டில் அடியிலிருந்து ஏற வேண்டும். வெண்கலத்தின் சூட்டுக்கு சாதாரண எஸ்.எஸ். 304 குழாயை நான் நம்புவதில்லை, அதிகச் சூட்டைத் தாங்குகிற இன்கலாய் 800 கலவைக் குழாய் போடுகிறேன்.

ஊற்றிய பிறகு

ஆறியதும் அடுப்பில் 150 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் காயவைத்து, காப்புத் தடையை அளக்கிற 500 வோல்ட் மெக்கரில் பார்க்க வேண்டும். 100 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் நான் மறுபடி அடுப்பில் போடுவேன். காய்ந்த பிறகுதான் முனையை சீல் செய்ய வேண்டும், ஈரத்தை உள்ளே வைத்து அடைத்துவிட்டால் அது வெளியே வர வழியில்லை. அதன்பின் 1,500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடற்காற்றில் டெர்மினல் நட்டு சீக்கிரம் பச்சை பூத்துவிடும், நிக்கல் பூசியதோ எஸ்.எஸ்.ஸோ போடுங்கள். எர்த் ஸ்டட் வார்ப்பிலேயே இருக்க வேண்டும்.

போரிங் முடிந்து வந்ததும் இடம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மறுபடி மெழுகுவத்திதான். உள்முகத்தில் விளிம்பிலிருந்து விளிம்புவரை நீளவாக்கில் ஏழெட்டுக் கோடுகள் இழுங்கள். எர்த் கொடுத்துவிட்டு முழு வோல்ட்டேஜில் போடுங்கள். 900 வாட்டுக்கு இந்த எடை, சுமார் 2 கிலோ, மெழுகு உருகும் சூட்டுக்கு வர ஒரு நிமிடம் போதும். கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக மினுங்கத் தொடங்கினால் எலிமெண்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கத்துக் கோடு மட்டும் உருகி வழிய, மறுபக்கம் வெள்ளையாகவே இருந்தால் உள்ளே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஹீட்டரை நான் வெளியே அனுப்ப மாட்டேன். இன்ஃப்ராரெட் துப்பாக்கியை வைத்துப் பளபளக்கும் அலுமினியத்தை அளக்காதீர்கள், எண் குறைவாகத்தான் காட்டும். அளந்தே ஆக வேண்டுமென்றால் மங்கலான கறுப்பு பெயிண்டைப் பொட்டுப் பொட்டாக அடித்து, அந்தப் பொட்டின் மேல் அளக்க வேண்டும்.

மெஷினில் மாட்டுகிற தம்பிகளுக்கு: பேரலைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், கருகிய மால் ஒரு செதில் ஒட்டியிருந்தாலும் அதைச் சுற்றிக் காற்று நிற்கும். தெர்மோகப்பிள் முனை வார்ப்பைத் தொடாமல், துளை வழியே போய்ப் பேரலின் குழியில் அழுந்த வேண்டும். இரண்டு பக்கப் பிளவு இடைவெளியும் சமமாக வரும்படி போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள், ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள்.

முதல் தடவை சூடாக்கும்போது பாதி வோல்ட்டேஜில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஈரத்தை விரட்டுங்கள். மெஷின் பல நாள் நின்றிருந்தாலும் இதே முறைதான். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் கிடந்த மெஷின்களை இப்படித்தான் மெதுவாக எழுப்பினோம். நேராக முழு வோல்ட்டேஜ் போட்ட இடங்களில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டே இருந்தது.

வேலைச் சூட்டுக்கு வந்ததும் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும். 100 மி.மீ. பேரலில், 30 டிகிரியிலிருந்து 260 டிகிரிக்குப் போகும்போது ஹீட்டரின் உள்விட்டம் பேரலைவிட 0.18 மி.மீ. கூடுதலாக விரிந்துவிடும். அவ்வளவு காற்று போதும், எலிமெண்ட் தேவைக்கு மேல் சூடாக. போல்ட்டின் கீழே வில் வாஷர் போட்டிருந்தால் அதுவே பெரும்பகுதி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, கையுறையோடு, சூடாக இருக்கும்போதே ஒவ்வொரு போல்ட்டையும் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கிவிடுங்கள். மறுநாள் காலை ஷிஃப்டில் இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.